தலைமாட்டு எண்ணெய்க் கறை

போன கிழமை ஒரு கலியாணத்துக்குப் போக ஹயர் வான் பிடித்தோம். வான்காரப் பொடியன் நல்லவன். வயதுபோன ஆட்களைக் கையைப் பிடித்து ஏற்றிவிடுகிறவன். ஏறி உட்கார்ந்த உடனே என் விரல்கள் தாமாகவே சீற்றின் ஓரத் தையலைத் தடவத் தொடங்கிவிட்டன. பழைய புத்தி. தோல் அல்ல, றெக்சின்தான். யன்னல் பக்கம் வெயில் பட்டு வெடித்து, உள்ளே இருந்த பஞ்சு தெரிந்தது. நான் தடவுவதை முன்கண்ணாடியில் பார்த்துவிட்டு அவன் கேட்டான்.

"ஐயா முந்தி சீற் வேலை செய்தனீங்களாம், அப்பா சொல்லுறவர். உதுக்கு என்ன பூசலாம்?"

"ஒண்டும் பூசாதை. வெயிலிலை விடாதை, ஈரத்துணியாலை துடை, காணும்," என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "ஏதும் கறை கிடந்தா, துடைக்கமுன்னம் அது ஆரின்ரை கறை எண்டு கேட்டுப்போட்டுத் துடை."

அவன் சிரித்தான். கிழவன் பகிடி விடுகிறான் என்று நினைத்திருப்பான். பக்கத்தில் இருந்த என் மகளும் சிரித்தாள். நான் பகிடி விடவில்லை. கலியாண வீட்டில் என்ன சாப்பிட்டேன் என்பதுகூட இப்போது நினைவில் இல்லை, அன்று முழுக்க மனம் புத்தூரில் ஒரு மாமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. அதை உங்களுக்காவது சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன்.

நான் தோல் வேலைக்கு ஆசைப்பட்டுப் போனவனல்ல. எங்கள் வீட்டு ஆட்களுக்குத் தெரிந்தது வெங்காயமும் புகையிலையும்தான். நான் ஒருவனாவது கிளாக்கராக வரவேண்டும் என்று கொழும்புக்கு அனுப்பினார்கள். கணக்குக்கும் எனக்கும் சரிவரவில்லை. இங்கிலீசுக்கும் எனக்கும் அதைவிடச் சரிவரவில்லை. கடைசியில் லொறிக்கும் காருக்கும் உடம்பு கட்டுகிற ஒரு பட்டறையில், சீற் தைக்கிற பகுதியில் போய் நின்றேன். நாலு வருசத்தில் கை படிந்துவிட்டது. பிறகு யாழ்ப்பாணத்துக்கே திரும்பி வந்து பட்டணத்தில் ஒரு கராச்சில் சேர்ந்தேன். அம்மா அயலாரிடம், "மோன் மோட்டார் பகுதியிலை இருக்கிறான்" என்று மட்டும் சொல்லுவா. மாட்டுத்தோல் தைக்கிறான் என்று சொல்ல அவவுக்கு வாய் வராது. அவவைக் குறை சொல்ல மாட்டேன், நாங்கள் முட்டைகூட வீட்டுக்குள் எடுக்காத சனம். பின்னேரம் நான் படலையைத் திறக்கும் சத்தம் கேட்டால் உள்ளே இருந்து குரல் வரும்: "மோனை, கிணத்தடிக்குப் போட்டு வா." முழுகி, வேறு வேட்டி மாற்றின பிறகுதான் எனக்கு வீட்டில் பெயர் உண்டு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வச்சிரம் காய்ச்சுகிற மணம் உங்களுக்குத் தெரியுமா? தோலையும் எலும்பையும் அவித்து எடுக்கிற பசை அது. அந்த மணத்துக்குள்ளே வருசக்கணக்காக இருந்தால் மூக்கு வேலையை விட்டுவிடும். எனக்கு அந்தக் காலத்தில் மல்லிகையும் மணக்காது, மீன்சந்தையும் மணக்காது. அம்மா புளிக்குழம்பைத் தாளித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பா, நான் சும்மா தலையாட்டுவேன். இதை நினைவில் வைத்திருங்கள்.

எண்ணெய்க்கும் தோலுக்கும் உள்ள பகை வேறு கதை. பட்டணத்தில் ஒரு பிறக்கிராசியார், கார் சீற் பளபளக்கவேண்டும் என்று தேங்காயெண்ணெயைப் போட்டுத் தேய்த்துவிட்டார். இரண்டு நாள் நல்ல பளபளப்பு. மூன்றாம் நாள் கோட்டில் எழும்பி நின்று வழக்குப் பேசினவரின் வேட்டியின் பின்பக்கத்தில் ஒரு பெரிய மண்நிறக் கறை. அதோடு முடிந்ததா? எண்ணெய் ஊறின தோலை எலி தேடி வந்து கால்வாசி தின்றுவிட்டது. அதைத் தைத்தவன் நான்தான். தோலுக்கு ஆகிறது ஆமணக்கெண்ணெயும் தேன்மெழுகும் சேர்த்து இளஞ்சூட்டில் உருக்கினது, அதுவும் விரல்நுனி அளவு. வேறு எந்த எண்ணெய் பட்டாலும் எனக்குக் கை துருதுருக்கும், உடனே எடுத்துவிடவேண்டும். அந்தத் துருதுருப்புத்தான் என்னைக் கெடுத்தது.

புத்தூரில் ஒருவர் இருந்தார். மலாயாவில் றெயில் பகுதியில் வேலை பார்த்துப் பென்சனோடு வந்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் மலாயா ஐயா. பிள்ளைகள் இல்லை. தானும் மனைவி பாக்கியமும் கோயில் கோயிலாகப் போய்வரவேண்டும் என்று, ஒரு லொறியின் சட்டத்துக்கு மேலே சின்ன வீடு மாதிரி ஒரு வான் கட்டுவித்திருந்தார். உள்ளே இரண்டு பக்கமும் நீட்டுச் சீற், இரவில் படுக்கை. யன்னலை ஏற்றி இறக்கத் தோல்வார். கதவின் உட்பக்கம் தோல், சீற்றின் தலைமாட்டில் தலையணை மாதிரி உயர்ந்த ஒரு திண்டு, அதுவும் தோல். நல்ல மண்நிறத் தோல், பெரிய கடையில் பார்த்துத் தேடி எடுத்தது. அவர் அதைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். வெயில் படாமல் வெள்ளைச் சீலை விரிப்பார். ஏறுகிற ஆளைக் கால் துடைக்க வைப்பார். கோயில் வீதியில் வான் நின்றால் குழந்தை ஒன்று கை வைக்க விடமாட்டார். "ஐயாவுக்கு அந்தத் தோல்தான் பிள்ளை" என்று சனம் நக்கலடிக்கும்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்க ஓரிரண்டு வருசம் முந்தி, கதிர்காமத்துக் கொடியேற்றத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிற வழியில் பாக்கியம் அம்மா வானுக்குள்ளேயே செத்துப்போனா. கொடிகாமத்துக்கும் புத்தூருக்கும் இடையில் எங்கேயோ. வான் வீட்டு வளவுக்குள் வந்து நின்ற பிறகுதான் தெரிந்ததாம்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. செத்தவரின் தலைமாட்டில் ஒரு விளக்கும் ஒரு செம்பு தண்ணீரும் வைத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு வரைக்கும் அணையாமல் பார்ப்போம். பாக்கியம் அம்மாவின் தங்கச்சி நாகம்மா அக்கா, பிரேதம் கிடத்தின விறாந்தையில் விளக்கை வைத்திருக்கிறா. ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. உயிர் போன இடம் வான்தான் என்று, வானுக்குள்ளே சீற்றின் மேல் ஒரு பலகையைப் போட்டு, தலைமாட்டுத் திண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு விளக்கை வைத்துவிட்டார். மாட்டுத்தோலில் கொண்டுபோய் விளக்கு வைக்கிறதா என்று நாகம்மா அக்கா கேட்க, அவர் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாராம். அது சோளகக் காற்றுக் காலம். இருபதாம் நாளோ என்னவோ, எண்ணெய் விடக் கதவைத் திறந்த நேரம் காற்று ஒரே அடியாக உள்ளே புகுந்து விளக்கைத் தட்டிவிட்டது. எண்ணெய் சிந்தி, திரி விழுந்து, சீற்றில் கைப்பிடி அளவுக்கு எரிந்துபோனது. அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் போனபோது ஐயா மாமரத்தடியில் வானுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்தார். சவரம் செய்யாத முகம். நல்ல உயரமான ஆள், ஆனால் அன்றைக்குச் சின்னதாகத் தெரிந்தார்.

"தம்பி, முப்பத்தொண்டுக்கு அவவின்ரை சாம்பலைக் கீரிமலைக் கடலிலை கரைக்கக் கொண்டுபோகவேணும். இந்த வானிலைதான் கொண்டுபோவன். எரிஞ்ச சீற்றோடை கொண்டுபோகேலாது."

"செய்து தாறன் ஐயா. நாலு நாள் காணும்."

"ஒரு சொல்லு. விளக்கையும் செம்பையும் வெளியிலை எடுக்கக்கூடாது. மற்றச் சீற்றிலை வைச்சுப்போட்டு, அதோடைதான் வேலை செய்யவேணும். எண்ணெய் நாகம்மா வந்து விடுவா. நீர் முடிச்சுச் சொல்லுமட்டும் நான் உள்ளுக்கை வரமாட்டன்."

ஓம் என்று தலையாட்டினேன். அம்மாவுக்கு இதைச் சொல்லவில்லை. தோலும் செத்தவீட்டுத் துடக்கும் சேர்ந்தால் அவ என்னைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கிவிட்டிருப்பா.

முதல்நாள் காலை வானின் பின்கதவைத் திறந்தேன். நல்ல சீற்றில் இருந்து ஒரு ஆள் எழும்பினால் என்ன நடக்கும் தெரியுமா? அமுங்கியிருந்த கம்பிச்சுருள் மெதுவாக நிமிரும், தையல் துவாரங்களுக்குள்ளால் காற்று உள்ளே போகும், 'ஸ்' என்று நீளமாக ஒரு மூச்சு எடுக்கும். எனக்கு நன்றாகப் பழகின சத்தம். கதவைத் திறந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. இடதுபக்கச் சீற்றின் நடு, எரிந்த இடத்துக்குக் கீழே, மெல்ல மெல்ல மேலே வந்து நின்றது. உள்ளே விளக்கு ஆடாமல் எரிந்துகொண்டிருந்தது.

வெக்கைக்கு அப்படி நடக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூட்டி வைத்த வான், உள்ளே நெருப்பு, கதவு திறந்தால் காற்று மாறும். சரியான காரணம்தான். இருந்தாலும் நான் கொஞ்ச நேரம் படியிலேயே நின்றுவிட்டுத்தான் ஏறினேன்.

வேலை என்னவோ சாதாரண வேலை. எரிந்த இடத்தைச் சுற்றிக் கருகல் போகும்மட்டும் வெட்டி எடுத்தேன். சீற்றின் அடிப்பக்கத்தில் மடித்து விட்டிருந்த தோலில் ஒரு துண்டு எடுத்தேன், அப்போதுதான் நிறம் சரிவரும். துண்டின் ஓரத்தை உட்பக்கமாகச் சீவி மெல்லிசாக்கி, வச்சிரம் பூசி, கீழே இருந்து ஒட்டி, மெழுகு நூலால் இரண்டு ஊசி போட்டுத் தைத்தேன். எரிந்த தும்பை எடுத்துப் புதுத் தும்பு வைத்தேன். இடைக்கிடை நாகம்மா அக்கா வந்து விளக்குக்கு எண்ணெய் விட்டு, செம்பை நிரப்பிவிட்டுப் போவா. காலையில் கழுத்துமட்டும் நிறைத்த செம்பு, உச்சிப்பொழுதில் பார்த்தால் அரைவாசியாகிவிடும். "வெக்கை," என்றேன் நான் ஒருநாள். அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "ஓம், வெக்கைதான்," என்றா.

யன்னல் வார்களும் எனக்குத் தொந்தரவாக இருந்தன. எல்லா யன்னலும் பூட்டியிருந்தது. ஐந்து வார்கள் ஆடாமல் தொங்கும். இடதுபக்கம் தலைமாட்டு யன்னலின் வார் மட்டும், படுத்திருக்கிற ஆள் எழும்ப எட்டிப் பிடித்துவிட்டு விட்டது போல மெதுவாக ஆடிக்கொண்டிருக்கும். நான் அதை இரண்டுதரம் கையால் பிடித்து நிறுத்தினேன். மூன்றாந்தரம் நிறுத்தவில்லை, வேலையில் கண்ணை வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள்தான் திண்டைப் பார்த்தேன். எரிந்த இடத்தில் இருந்து ஒரு சாண் மேலே, தலைமாட்டுத் திண்டின் நடுவில், எண்ணெய்க் கறை ஒன்று. வட்டமும் இல்லை, நீளமும் இல்லை, கறுத்துப்போய்க் கிடந்தது. விளக்கு சரிந்தபோது தெறித்த எண்ணெய் என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்? மூக்குள்ள எவனும் குனிந்து ஒருதரம் மணந்து பார்த்திருந்தால், விளக்குக்கு விட்ட இலுப்பெண்ணெய்க்கும் அதுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்திருக்கும். எனக்குத்தான் மூக்கு இல்லையே. ஐயா அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் கேட்காமலே செய்து கொடுத்தால் சந்தோசப்படுவார் என்று எண்ணினேன். நல்ல வேலைகாரன் என்று பெயர் எடுக்கிற ஆசை, வேறொன்றும் இல்லை.

வெண்கட்டியை மாவாக இடித்து அப்பிவைத்து எண்ணெயை உறிஞ்ச விட்டேன். திண்டின் தையலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பஞ்சும் ஊறியிருந்தது. அதை அப்படியே எடுத்துவிட்டுப் புது இலவம்பஞ்சு அடைத்தேன். தோலை உள்ளும் புறமும் சவுக்காரத் தண்ணீரால் துடைத்து, நிழலில் காயவிட்டு, தேன்மெழுகு கூட்டி மெருகேற்றினேன். வெண்கட்டித் தூளையும் பழம்பஞ்சையும் வேலியோரம் போட்டுக் கொளுத்திவிட்டேன். மூன்றாம் நாள் பின்னேரம் திண்டைப் பார்த்தால் கடையில் இருந்து நேற்று வந்தது போல இருந்தது. என் கையை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு ஐயாவைக் கூப்பிட்டேன்.

அவர் கால் துடைத்துவிட்டு ஏறினார். குனிந்து, ஒட்டின இடத்தைத் தடவினார். "தெரியேல்லை," என்றார். "நல்ல கைவேலை." அப்படியே கை மேலே போய்த் திண்டில் வந்து நின்றது. ஒருதரம் தடவினார். மற்றக் கையாலும் தடவினார். கண் தெரியாத ஆள் ஒரு பொருளைத் தேடுவது போல அங்கும் இங்கும் தடவினார்.

"இதிலை ஒரு கறை கிடந்தது."

"ஓம் ஐயா. விளக்கு விழேக்கை சிந்தின எண்ணெய். எடுத்துப்போட்டன், இனி வராது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சீற்றின் விளிம்பில் மெல்ல இருந்தார். அந்த 'ஸ்' சத்தம் வந்தது.

"துடைச்சு எடுத்ததை எங்கை போட்டனீர்?"

"வேலியடியிலை போட்டு எரிச்சிட்டன்."

அவர் இறங்கி வேலியடிக்குப் போனார். சாம்பல் குவியலைப் பார்த்தபடி நின்றார். கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். காற்றுக்குச் சாம்பல் பறந்து அவருடைய வேட்டியில் ஒட்டியது, அதைத் தட்டவும் இல்லை. பொழுது படுமட்டும் நின்றுவிட்டு உள்ளே போனார்.

கிணற்றடியில் நாகம்மா அக்கா எனக்குச் சொன்னா.

"அது விளக்கெரிச்ச எண்ணெயில்லைத் தம்பி. அக்காவின்ரை தலை எண்ணெய். உந்த வான் வந்த நாள் துவக்கம் அத்தான் அவவைத் தலைக்கு எண்ணெய் வைச்சுக்கொண்டு அதிலை படுக்க விடேல்லை. தோல் பழுதாப் போடுமாம். எங்கை போனாலும் அக்கா காய்ஞ்ச தலையோடைதான் போறவ. கதிர்காமத்தாலை வரேக்கை அவவுக்குத் தலைச்சுத்து. சூடு தணிய எண்ணெயை வைச்சுக்கொண்டு படுத்திட்டா. கொடிகாமத்திலை வானை நிப்பாட்டேக்கை அத்தான் கண்டிட்டார். 'உனக்கு எத்தினைதரம் சொல்லுறது, தோலைப் பாழாக்கிப்போட்டாய்' எண்டு பேசினவராம். அவ யன்னல் பக்கம் திரும்பிப் படுத்தவ. அவ்வளவுதான்."

அந்த மனிசன் அவவோடு கதைத்த கடைசிக் கதை தோலைப் பற்றி. அவவுடைய தலை வைத்த இடம் ஒன்றுதான் அவருக்கு மிச்சம். அதைத்தான் நான் வெண்கட்டி போட்டு உறிஞ்சி எரித்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, சொல்ல வெட்கமில்லை. கிணற்றுக்கட்டில் கையை வைத்துக்கொண்டு அழுதேன்.

அழுது முடிய ஒரு யோசனை வந்தது. "அக்கா, அந்த எண்ணெய் மிச்சம் இருக்கோ?"

அவவுக்கு விளங்கிவிட்டது. உள்ளே போய் ஒரு போத்தல் கொண்டுவந்தா. பாக்கியம் அம்மா தன் கையால் வெந்தயமும் கரிசலாங்கண்ணியும் போட்டுக் காய்ச்சினது. கழுத்துமட்டும் நிறைந்திருந்தது, வாயைத் துணியால் அடைத்து நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. "நாளைக்கு மத்தியானம் அத்தான் படுக்கிற நேரம் வா," என்றா. "அக்காவின்ரை தலை பட்ட இடம் எவ்வளவெண்டு நான் காட்டித்தாறன்."

அடுத்தநாள் உச்சிப்பொழுது. உச்சிப்பொழுதில் மாமரத்தடிக்குப் போகாதே என்று எங்கள் ஊரில் ஏன் சொல்லுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. காகம்கூடச் சத்தமில்லை. சோளகமும் நின்றுவிட்டது. நாகம்மா அக்கா அடுப்படியில் இருந்தா, நான் முன்னால் போய்ப் போத்தலோடு வானின் கதவைத் திறந்தேன்.

முதலில் வந்தது மணம். எனக்கு. வச்சிரத்தில் செத்துப்போயிருந்த என் மூக்குக்கு வெந்தய மணம் வந்தது, காய்ச்சின தேங்காயெண்ணெயின் மணம் வந்தது, அதுக்குள்ளே வெயிலில் காய்ந்த தலைமயிரின் மணமும் வந்தது. எத்தனையோ வருசத்துக்குப் பிறகு எனக்கு வந்த முதல் மணம். நான் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். செம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. விளக்கு ஆடாமல் எரிந்தது.

திண்டில் கறை இருந்தது.

நடுவில், பழைய இடத்திலேயே. யன்னல் பக்கம் கொஞ்சம் சரிந்து, ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்த மாதிரி. கை வைத்தேன். ஈரம், விரலில் ஒட்டியது. பழைய எண்ணெய் தோலின் நாருக்குள்ளே கிடந்து வெக்கைக்கு மேலே வரும், அது எனக்குத் தெரியும், எத்தனையோ சீற்றில் கண்டிருக்கிறேன். வந்தால் மங்கலாக வரும். புதுப்பஞ்சு அடைத்த திண்டில், உள்ளும் புறமும் கழுவின தோலில், அப்படி ஈரமாக வராது. இன்றைக்கும் எனக்கு அதுக்கு ஒரு காரணம் இல்லை.

போத்தலின் கட்டை நான் அவிழ்க்கவே இல்லை. அதைக் கையில் பிடித்தபடி பின்பக்கமாக இறங்கினேன். திரும்பினால் ஐயா நிற்கிறார்.

அவருடைய கண் என் தோளுக்கு மேலால் உள்ளே போனது. திண்டில் நின்றது. அவருடைய முகத்தில் அப்போது வந்ததை என்னால் எழுத முடியாது. பென்சன் எடுத்த ஆளின் முகம் இல்லை அது, கலியாணம் கட்டின புதிதில் பெண்சாதி படலையைத் திறந்து வருவதைப் பார்க்கிற ஒருவனின் முகம். பிறகு கண் கீழே வந்து, என் கையில் இருந்த போத்தலைக் கண்டது. அந்த முகம் போய்விட்டது.

"நீர்தானே செய்தது?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கவேண்டும். போத்தலைத் தூக்கிக் கட்டைக் காட்டியிருக்கவேண்டும். எனக்குப் பயம். இல்லை என்றால் பிறகு யார் என்று கேட்பார், அதுக்குரிய மறுமொழியை நான் வாயால் சொல்லவேண்டும், சொன்னால் நம்பவேண்டும்.

"ஓம்," என்றேன்.

அவர் என் தலையில் கையை வைத்தார். "பெரிய உபகாரம் தம்பி. நான் ஒரு நிமிசம் வேறை மாதிரி நினைச்சிட்டன்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு ஏறிப்போய்த் திண்டில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டார். நான் போத்தலை அடுப்படிக்குக் கொண்டுபோய் நாகம்மா அக்காவிடம் கொடுத்தேன். அவ கட்டைப் பார்த்தா, தானே போட்ட முடிச்சு, அவிழவில்லை. எண்ணெய் கழுத்துமட்டும் நிறைந்திருப்பதைப் பார்த்தா. அடுப்பில் கிடந்த கறி அடிப்பிடிக்கும்மட்டும் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றா.

"அத்தானிட்டை என்ன சொன்னனி?"

"நான்தான் செய்தனான் எண்டு."

சட்டியை இறக்கிவைத்துவிட்டு, "அப்பிடியே இருக்கட்டும்," என்றா. "உண்மையைச் சொன்னா மனிசன் பிறகு வானை விட்டு இறங்காது."

அவ சொன்னது சரியா என்று நான் எத்தனையோ வருசம் யோசித்துவிட்டேன். சரியாகவும் இருக்கலாம். ஆனால் இறங்காமல் இருந்தால்தான் என்ன என்றும் சில நேரம் தோன்றும்.

முப்பத்தோராம் நாள் சாம்பலை அந்த வானில்தான் கீரிமலைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு ஐயா அதை ஓட்டவில்லை. யுத்தம் வந்தது, பெற்றோல் இல்லாமல் போனது, ரயரையும் கழற்றிக் கொடுத்தார். வான் மாமரத்தடியில் கல்லின் மேல் நின்றது. மாதம் ஒருதரம் நான் போய் மற்றத் தோல் முழுவதுக்கும் ஆமணக்கெண்ணெயும் மெழுகும் பூசுவேன், திண்டில் அந்த இடத்தை மட்டும் சுற்றிவிட்டுப் போவேன். அது காயவே இல்லை. வருகிற ஆட்களுக்கெல்லாம் ஐயா என்னைக் காட்டி, "உதை இந்தத் தம்பிதான் செய்து தந்தவன், நல்ல மனம்," என்று சொல்லுவார். எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போல இருக்கும். ஒவ்வொரு மாதமும் இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் சைக்கிளை மிதிப்பேன்.

கடைசியாகப் போனபோது அவருக்குக் கண் மங்கிவிட்டது. நான் கையைப் பிடித்து வானின் படியில் ஏற்றினேன். கதவைத் திறக்கமுன்னம் அவர் சின்னக் குரலில், "பாக்கியம்," என்று கூப்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி வெட்கத்தோடு சிரித்தார்.

"நீர் செய்ததெண்டு தெரியும் தம்பி. தெரிஞ்சும் ஒவ்வொரு நாளும் கூப்பிட்டுப்போட்டுத்தான் ஏறுறன். ஒருநாளும் ஒரு சத்தமில்லை. நான் பேசின பேச்சுக்கு அவ வர என்ன கிடக்கு?"

நான் கதவைத் திறந்தேன். இடதுபக்கச் சீற்றின் நடு அமுங்கிக் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்க அது மெல்ல மெல்ல நிமிர்ந்தது. யன்னல் வார் ஒருதரம் ஆடி நின்றது. அந்தச் சீற் மூச்செடுக்கிற சத்தம் அவருடைய காதுக்கு எட்டவில்லை, மங்கின கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஏத்திவிடும் தம்பி," என்றார். ஏற்றிவிட்டேன். அன்றைக்கும் சொல்லவில்லை.

அதுக்குப் பிறகு நான் வேலைக்காகத் திரும்பக் கொழும்புக்குப் போய்விட்டேன். ஐயா செத்த செய்தி இரண்டு கிழமை கழித்துத்தான் கிடைத்தது. வந்து பார்த்தபோது வான் இல்லை. தோலுக்குப் பஞ்சமான நேரம், சீற்றையெல்லாம் உரித்துச் செருப்புத் தைக்கக் கொடுத்துவிட்டார்களாம். திண்டும் அதோடு போய்விட்டது. யாருடைய காலுக்குக் கீழே போனதோ. மாமரத்தைப் பிறகு தறித்தார்கள், வளவைப் பிரித்து மூன்று வீடு கட்டிவிட்டார்கள். நாகம்மா அக்கா போய்ச்சேர்ந்தும் எவ்வளவோ காலம். தலைக்கு வெந்தயம் போட்டு எண்ணெய் காய்ச்சுகிற ஆளும் இப்போது இல்லை, எல்லாம் கடை எண்ணெய். அன்றைக்குத் திரும்பி வந்த மூக்கு மட்டும் இன்னும் நன்றாக வேலை செய்கிறது, மணக்கத்தான் ஒன்றும் இல்லை.

"அது நானில்லை ஐயா." இவ்வளவுதான் சொல்ல இருந்தது. இப்போது பயமில்லாமல் சொல்லுவேன். கேட்க அவர் இல்லை.